மணிக்கு ஐம்பத்தெட்டு

1

இந்தக் கதையை எழுத வைத்தது திங்கட்கிழமை காலை வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை தானாக மனத்தில் முளைத்தது என்று சொல்லும் எழுத்தாளர்களை நான் நம்புவதில்லை. யாராவது வந்து கதவைத் தட்டினால்தான் நாம் எழுந்து போகிறோம்.

அழைத்தவள் பெயர் வெர்னா ஸ்டட்ஸ்மன். வயது ஐம்பத்தாறு. கொலம்பஸ் நகரத்தில் இருக்கும் காப்பீட்டுக் கம்பெனிகளுடைய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. நிரந்தர வேலை அல்ல. ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒப்பந்தம். ஒன்று முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை வீட்டில் உட்கார்ந்து, ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டுகளோடு ரேட் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஏஜென்ட்டுகளில் ஒருவனாக நான் ஆறு வருடம் இருந்தேன். இப்போது பள்ளி மாவட்ட அலுவலகத்தில் பேருந்துகளுக்கு அட்டவணை போடுகிறேன். மற்ற நேரத்தில் கதை எழுதுகிறேன். (இரண்டு வேலையிலும் யாரோ ஒருவர் தெருமுனையில் காத்துக்கொண்டே நிற்கிறார்.)

அவள் கேட்டது ஒரே கேள்வி.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு ஏஜென்ட் கூப்பிடுவா. ரேட் கேப்பா. நான் எவ்வளவு சொல்லட்டும்?"

அதற்குள் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் மனத்தில் இருக்கும் எண் தவறான எண். அது அப்படி ஆனதற்குக் காரணம் நான். அதை அவளிடம் சொல்வேனா மாட்டேனா என்பதைத் தவிர இந்தக் கதையில் வேறு மர்மம் கிடையாது. பிணம், புதையல் எதிர்பார்த்து ஏறியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்:

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்ச் மாதக் காலையில், வெர்னா ஜன்னலருகே நின்று உருகும் பனியைப் பார்த்தபடி

வேண்டாம். வேலையில்லாதவர்களை ஜன்னலருகே நிறுத்திவைப்பது எழுத்தாளர்களின் சோம்பேறித்தனம். வேலையில்லாத வெர்னாவுக்கு நிற்க நேரமே இருந்ததில்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து ஏஜென்ட்டுகள் கூப்பிடுவார்கள். பதினைந்து பேருக்கும் முதலிலிருந்து தன்னைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்:

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். வெர்னாவிடம் பதினொன்று இருந்தது.

இது அழகாக இருக்கிறது என்பதற்காகவே அடிக்கிறேன். அவள் பசியில் இருக்கவில்லை. அவளுக்கு இருந்தது வேறு சங்கடம்: போன ஒப்பந்தத்தில் மணிக்கு அறுபது டாலர் வாங்கினாள். இந்தத் தொழிலில் ஒருமுறை ரேட் இறங்கினால் அது உங்களோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஏஜென்ட் முதலில் கேட்பதே "கடைசியா எவ்வளவு வாங்கினீங்க?" என்றுதான். அதனால் வேலையில்லாமல் இருக்கிற ஒவ்வொரு வாரமும் அவள் காத்துக்கொண்டிருந்தது அடுத்த பத்து வருடத்துக்கான எண்ணை.

மூன்றாம் தொடக்கம். இது தேறும் என்று நினைக்கிறேன்.

வேலை போன ஒன்பதாவது வாரம், செவ்வாய்க்கிழமை மதியம், வெர்னா அடுப்பில் நூடுல்ஸ் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு மசியல் ஏற்கெனவே தயார்; அதன்மேல் கோழிக் குழம்போடு நூடுல்ஸைக் கொட்டித் தின்பது அவள் பிறந்த ஊர்ப்பக்கத்துப் பழக்கம். மேஜையில் அவள் கணவன் மெர்ல், தேய்ந்துபோன இடுப்பு மூட்டில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீடு வீடாகப் போய் ஹீட்டர் பழுதுபார்க்கிறவன். மூன்று மாதமாக ஏணி ஏற முடியவில்லை. தொலைபேசி அடித்தது.

"ஸ்பீக்கர்ல போடு," என்றான் மெர்ல். "எனக்கும் பொழுது போகணுமில்ல."

* மெர்லை நான் பார்த்ததே இல்லை. வெர்னாவோடு பேசும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் கேட்கும். "இடுப்பு" என்ற சொல்லும் ஒருமுறை கேட்டது. அதிலிருந்து ஹீட்டரையும் ஏணியையும் நானே கட்டிக்கொண்டேன். உண்மையில் அவன் பல் மருத்துவராகக்கூட இருக்கலாம். இருந்தாலும் அவள் அறிவுரை கேட்டுக் கூப்பிட்ட விதத்தை வைத்துச் சொல்கிறேன், அந்த வீட்டில் அவள் சம்பளம்தான் சம்பளம்.

3

அழைத்தவன் கர்ட்டிஸ் என்ற ஏஜென்ட்.

"வெர்னா, எப்படி இருக்கீங்க? உங்களுக்குன்னே ஒரு வேலை வந்திருக்கு. அளவெடுத்துத் தைச்ச மாதிரி."

"அளவெடுத்தது யாரு கண்ணு? கம்பெனி பேரைச் சொல்லு."

(அவள் எல்லா ஏஜென்ட்டையும் ஆங்கிலத்தில் 'ஹன்' என்றுதான் கூப்பிடுவாள், 'ஹனி' என்பதன் சுருக்கம். அந்தச் சொல்லில் பாசமும் உண்டு, 'உன்னைப் போல ஆயிரம் பேரைப் பார்த்தாச்சு' என்பதும் உண்டு. 'கண்ணு' என்று எழுதினால் இரண்டும் வந்துவிடுகிறது.)

"பெரிய நிதி நிறுவனம். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். நீங்க எவ்வளவு எதிர்பாக்கறீங்க?"

"அவங்க எவ்வளவு ஒதுக்கியிருக்காங்க?"

"அது நீங்க எதிர்பாக்கறதைப் பொறுத்தது."

"நான் எதிர்பாக்கறது அவங்க ஒதுக்கினதைப் பொறுத்தது."

"ரெண்டு பேரும் வாசல்ல நின்னு 'நீங்க முதல்ல, நீங்க முதல்ல'ன்னா," என்றான் மெர்ல், "யாரும் உள்ள போகப் போறதில்லை."

வெர்னா உதட்டில் விரல் வைத்து அவனை அடக்கினாள். முதலில் எண்ணைச் சொல்கிறவர் தோற்றார் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். அவள் ஒன்றும் பேசாமல் நூடுல்ஸைக் கிளறினாள். கர்ட்டிஸும் பேசவில்லை. கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம் மட்டும் தொலைபேசி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அரை நிமிடம் ஆயிற்று. முக்கால் நிமிடம்.

"நாப்பத்தாறு," என்றான் கர்ட்டிஸ்.

"நாப்பத்தாறு என் புருஷனோட இடுப்பளவு கண்ணு. அதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"நாப்பத்திநாலு!" என்றான் மெர்ல்.

"பாத்தியா, உனக்கு முன்னாடி அவரே இறங்கிட்டாரு. நீ ஏறு."

கர்ட்டிஸ் ஐம்பதுக்கு ஏறினான். பிறகு ஐம்பத்திரண்டு. அவள் அறுபதிலிருந்து அசையவில்லை. "மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன்," என்று சொல்லி, அழைப்பை நிறுத்திவைத்து, காத்திருப்பவர்களுக்கான இசையில் அவளை விட்டுப் போனான்.

* மேனேஜரிடம் யாரும் கேட்பதில்லை. அழைப்பை நிறுத்திவைக்கும் பித்தானை அழுத்திவிட்டு அவன் நாற்காலியில் சாய்ந்து நான்கு வேர்க்கடலையைத் தின்பான். கம்பெனி ஏஜென்ட்டுக்குத் தருவது மணிக்கு எழுபத்தெட்டு. அவளுக்குப் போகிறது போக மிச்சம் ஏஜென்ட்டின் நிறுவனத்துக்கு. இது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பேரம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு எண்ணை ஒருவர் மற்றவரிடமிருந்து மறைப்பதுதான்.

"வெர்னா, சண்டை போட்டு வாங்கிட்டேன். ஐம்பத்தஞ்சு!"

"நீ சண்டை போட்டதுக்கு நன்றி. ஒன்பது வாரமாச்சேன்னு ரெண்டு டாலர் நானும் இறங்கறேன். ஐம்பத்தெட்டு. அதுக்குக் கீழன்னா என் பேரைக் கொடுக்காதே. கம்பெனி பேர் சொல்லாம என் ஒப்புதலும் வராது."

"யோசிச்சுட்டு நாளைக்குக் கூப்பிடறேன்," என்றான் கர்ட்டிஸ்.

அந்த ஒப்புதல் என்ன என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கதை அதில்தான் விழப்போகிறது. எங்கள் தொழிலில் ஒரு சடங்கு உண்டு. ஏஜென்ட் உங்கள் பெயரை ஒரு கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன் நீங்கள் அவனுக்கு மூன்று வரி மின்னஞ்சல் எழுத வேண்டும். இன்ன கம்பெனியில் இன்ன வேலை, மணிக்கு இவ்வளவு, என் பெயரைக் கொடுக்க இவருக்கு மட்டும் அனுமதி. 'மட்டும்' முக்கியம். ஒரே வேலைக்கு இரண்டு ஏஜென்ட்டுகள் ஒரே ஆளின் பெயரைக் கொடுத்துவிட்டால் கம்பெனி இரண்டையும் பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போடும். ஒரே பெண்ணின் ஜாதகத்தை இரண்டு தரகர்கள் கொண்டுவந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ அதையே நினைக்கும். ஆனால் ஏஜென்ட்டுகள் கம்பெனி பெயரைக் கடைசிவரை சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஆள் வேறு வழியாகப் போய்விடுவாரோ என்ற பயம். அதனால் ஏமாந்தால் யாரும் இந்தக் குழியில் விழலாம். பதினொரு வருட ஒப்பந்த வாழ்க்கையில் வெர்னா விழுந்ததில்லை. பெயர் தெரியாமல் அவள் ஒப்புதல் கொடுத்ததே கிடையாது.

4

புதன்கிழமை காலை ட்ரூடி கூப்பிட்டாள். நகரத்தின் அடுத்த கோடியில் இருக்கிற ஏஜென்ட், பழைய ஆள். கம்பெனி பெயரை எடுத்த எடுப்பிலேயே சொன்னாள். கொலம்பஸை ஒட்டிய டப்ளின் என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் ஒரு காப்பீட்டுக் கம்பெனி. வெர்னா ஐம்பத்தெட்டு என்றாள். ட்ரூடி ஒரு மூச்சு விட்டுவிட்டு "சரி, முடிச்சுடலாம்" என்றாள். நான்கு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. வெர்னா மூன்று வரி எழுதி அனுப்பினாள்.

அன்று அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எழுத எனக்கு ஆசை. மெர்ல் ஐஸ் பையை மேஜையில் போட்டுவிட்டு, நடக்க முடியாதவன், இரண்டடி ஆடிக் காட்டியிருப்பான். "இந்த ரேட்டுக்கு உன்னைக் கட்டிக்கிட்டது லாபம்தான்," என்றிருப்பான். அவள் சிரித்திருப்பாள். வேலையோடு மருத்துவக் காப்பீடும் வந்துவிட்டால் அவன் இடுப்பு அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கலாம் என்று

வெள்ளிக்கிழமை ட்ரூடி மறுபடி கூப்பிட்டாள். குரலே வேறு.

"உங்களைப் பத்தி நான் இப்படி நினைக்கல வெர்னா."

"என்ன ஆச்சு?"

"உங்க பேரை செவ்வாய்க்கிழமையே இன்னொரு ஏஜென்ட் அங்க கொடுத்திருக்கான். உங்க ஒப்புதலோட. ரெண்டையும் தள்ளிட்டாங்க. பதினெட்டு வருஷமா அந்தக் கம்பெனியில எனக்கு இருந்த பேரு போச்சு. இந்த வயசுல இப்படி ரெண்டு பக்கமும் துண்டு போட்டு வைக்கலாமா?"

"நான் யாருக்கும் கொடுக்கலையே!"

"மெயிலை அவங்க வச்சிருக்காங்க. இனிமே எனக்குக் கூப்பிடாதீங்க."

5

இந்த இடத்தில் கர்ட்டிஸுக்கு ஒரு மீசை கொடுக்கலாமா என்று யோசித்தேன். குறுகிய கண்கள், கடன், குடிப்பழக்கம். ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அவனை எல்லோரும் வெறுத்திருப்பீர்கள்.

கர்ட்டிஸ் என்று யாரும் இல்லை. நான்தான். கிருபாகரன் என்ற பெயர் தொலைபேசியில் யார் வாயிலும் நுழையாது என்று மேனேஜர் எனக்கு 'கூப்பர்' என்று பெயர் வைத்திருந்தார். (அப்படி ஒரு மேனேஜர் உண்டு. கேட்டுவிட்டு வருகிறேன் என்று போகும்போது மட்டும் அவர் கிடையாது.) வேர்க்கடலை என்று எழுதும்போதே நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன், மன்னிக்கவும்.

நடந்தது இது. வாரத்துக்கு இத்தனை பெயரைக் கம்பெனிகளுக்கு அனுப்பியாக வேண்டும் என்று எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு; செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அதில் எனக்கு ஒரு பெயர் குறைந்தது. அந்த டப்ளின் வேலைக்கு எங்கள் நிறுவனத்திடமிருந்து மட்டும் பெயர் வாங்குவதை ஐந்து மணியோடு நிறுத்துகிறார்கள் என்று தகவல் வந்தது. வெர்னா ஒரு மாதத்துக்கு முன்பு வேறொரு வேலைக்கு எனக்கு எழுதிய ஒப்புதல் மின்னஞ்சல் என் பெட்டியில் கிடந்தது. மூன்று வரி. முதல் வரியில் அந்தப் பழைய கம்பெனியின் பெயரும் வேலையும். அந்த வரியை அழித்தேன். இரண்டாவது வரியில் இருந்த அறுபதை ஐம்பத்தைந்தாக்கினேன். மூன்றாவதைத் தொடவில்லை. அதன் கீழே அவள் பெயர் இருந்தது. அனுப்பிவிட்டேன். நாளைக்குப் பேசிச் சம்மதிக்கவைத்துவிடலாம், இவ்வளவு பேசியவள் மூன்று டாலருக்கா மறுப்பாள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மறுநாள் கூப்பிடத் தயங்கினேன். தயங்கிய அந்த நாளில் ட்ரூடி கூப்பிட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் வெர்னா என்னைக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேள்விதான் கேட்டாள்.

"கூப்பர், டப்ளின்ல அந்தக் கம்பெனிக்கு நீ என் பேரைக் கொடுத்தியா?"

இங்கே நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூன்று முறை மழுப்பி எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன்.

"நீங்க போன மாசம் அனுப்பின ஒப்புதல்ல கம்பெனி பேரே போடலையே வெர்னா. அதனால எங்க சிஸ்டம் அதைப் பொது ஒப்புதலா எடுத்துக்கிட்டு அனுப்பிடுச்சு. செவ்வாய்க்கிழமையே ஐம்பத்தஞ்சுக்குச் சரின்னு சொல்லியிருந்தீங்கன்னா, ட்ரூடி வரைக்கும் போயிருக்கவே வேண்டாம்."

"பேர் போடலையா? நான் எப்பவும் போடுவேனே."

"எல்லாருக்கும் ஒரு நாள் கை தவறும்."

அவள் போய்ச் சரிபார்த்திருக்கலாம். அனுப்பிய மின்னஞ்சல் அவள் பெட்டியில் முழுசாக இருந்திருக்கும். பிறர் எழுதியதில் பிழை பிடித்தே பிழைக்கிறவள், தன் மேல் பழி வந்தபோது திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்பது வாரம் வேலையில்லாமல் இருந்தால் மனிதர்களுக்குத் தங்கள் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. அதை நான் பதினைந்து அழைப்பில் பதினான்கில் கேட்டிருக்கிறேன். அதை நம்பித்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

"என் தப்புதான்," என்றாள். "மூணு டாலருக்கு ஆசைப்பட்டேன். உனக்கும் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்துட்டேனே கண்ணு. மன்னிச்சுக்கோ."

பரவாயில்லை என்றேன்.

ஆமாம், அவளிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு பரவாயில்லை என்றும் சொன்னேன். இந்தக் கதையில் எனக்கு வெட்கமாக இருப்பது மின்னஞ்சலைத் திருத்தியது அல்ல. இந்த ஒரு சொல்.

6

அடுத்து வந்த வேலையை அவள் நாற்பத்திநாலுக்கு எடுத்துக்கொண்டாள். பேரமே பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஏஜென்ட் சொன்ன முதல் எண்ணுக்கே தலையாட்டினாளாம். அந்த ஒப்பந்தத்தை நீட்டி நீட்டி மூன்று வருடம் வேலை வாங்கினார்கள். ரேட் ஒரு காசு ஏறவில்லை. அவள் கேட்கவும் இல்லை. போன மாதம் அது முடிந்தது. நான் தொழிலைவிட்டே போய்விட்டது தெரிந்தும், எங்கிருந்தோ என் எண்ணைத் தேடிப் பிடித்துத் திங்கட்கிழமை கூப்பிட்டாள்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க வெர்னா?"

"அன்னைக்கு ட்ரூடி என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிட்டா. நீ ஒருத்தன்தான் ஒரு வார்த்தை திட்டல. அதை நான் மறக்கல."

7

முடிவுகள். என்னிடம் கைவசம் இருப்பவை:

அ. எழுத்தாளர் உண்மையைக் கடிதமாக எழுதுகிறார். வெர்னா படித்து அழுகிறாள், மன்னிக்கிறாள். மெர்ல் புது இடுப்போடு ஏணி ஏறுகிறான். (இதை எழுதினால் அவளிடம் இரண்டாவது முறையும் மன்னிப்பு வாங்கியவன் ஆவேன். வேண்டாம்.)

ஆ. எழுத்தாளர் காரணம் சொல்லாமல் நல்ல எண்ணை மட்டும் சொல்கிறார். அவள் அதைக் கேட்கிறாள், கிடைக்கிறது, எல்லோரும் சுகம். உண்மை தூங்குகிறது.

இந்த 'ஆ'வைத்தான் மூன்று நாளாகத் தாலாட்டிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? அவளுக்குத் தேவை எண்தானே? பழைய நண்பர்களிடம் விசாரித்தேன். அவள் அனுபவத்துக்கு இன்று எழுபது வரை போகிறதாம். அறுபத்தெட்டு என்று சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்து, இன்று வியாழக்கிழமை ஒன்பதேமுக்காலுக்கு அவளைக் கூப்பிட்டேன்.

"நாப்பத்தஞ்சு சொல்லிடலாம்னு இருக்கேன்," என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "ஒரு டாலர் கூடக் கேட்டா தப்பில்லையே?"

"அறுபத்தெட்டு கேளுங்க வெர்னா."

சிரித்தாள். "உனக்குப் பைத்தியமா? அன்னைக்கு மூணு டாலருக்குப் பேராசைப்பட்டு வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா? அந்த வயசுலயே என்னால தாங்க முடியல."

"அது பேராசை இல்ல."

"பின்ன என்ன? கையில வந்ததை நானே கெடுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் எந்த ஏஜென்ட் எந்த எண்ணைச் சொன்னாலும் தலையாட்டிடறேன். நீ சொல்ற எண்ணை என் வாய் சொல்லாது கண்ணு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, 'ஆ' என்று ஒரு முடிவே இல்லை. காரணம் இல்லாமல் நான் கொடுக்கிற எண்ணை அவளால் எடுத்துக்கொள்ள முடியாது. அவளிடமிருந்து நான் பிடுங்கியது மூன்று டாலர் அல்ல, கேட்கிற தைரியம். எண்ணைச் சொல்லி அதைத் திருப்பித்தர முடியாது.

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. பின்னாலிருந்து அந்த ஆண்குரல் ஏதோ கேட்டது. "கூப்பர்தான்," என்று அவள் அதற்குப் பதில் சொன்னாள். பிறகு என்னிடம்:

"சும்மா தைரியம் சொல்றியா, இல்ல ஏதாவது தெரிஞ்சு சொல்றியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்," என்றேன்.

"என்ன தெரியும்?"

இதை நான் வியாழக்கிழமை மாலை எழுதுகிறேன். அதற்கு என்ன பதில் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். ஒன்றுமே சொல்லாமல் வைத்துவிட்டேனா என்பதும் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் என்னையறியாமல் ஒரு சொல்லை எடுப்பேன், ஒரு சொல்லைச் சேர்ப்பேன், படிக்கிறவருக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும்படி வளைப்பேன். இந்த முழுக் கதையையும் அவளுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருக்கிறவனை எவ்வளவு தூரம் நம்புவீர்கள்? அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வருடங்களுக்கு முன்பு இந்தப் பெண்ணின் பெயருக்கு மேலே இருந்த வரிகளில் நான் கைவைத்தேன். இனி அவள் சம்பந்தப்பட்ட எந்த வரியையும் என்னிடம் கொடுக்கக் கூடாது.